பற்பசையில் தேய்த்த டொலர்

மொன்றியல் நகர மையத்தில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த நாணயக் கடையில் சர்மிளா மதிப்பீட்டாளராக வேலை செய்தாள். அமெரிக்கா முதன்முதலில் அடித்த வெள்ளி டொலர்கள் வந்தால் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு அவளிடம்தான் அனுப்புவார். நாணயத்தில் இருக்கும் பெண்ணின் தலைமுடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, விளிம்பில் பொறித்த எழுத்து ஒழுங்காக இருக்கிறதா, எடையைக் குறைக்க நாணயசாலையில் அரத்தால் இழுத்த கோடுகள் எங்கே என்று விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத் தரம் சொல்வாள்.

2006ஆம் ஆண்டு, பனி கொட்டத் தொடங்கிய நேரம், அருமைராசா என்பவர் ஒரு டொலரோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாணயம் 1795இல் அடித்தது. கையில் எடுத்த உடனேயே சர்மிளாவுக்கு அது யாருடையதென்று தெரிந்துவிட்டது.

“இது டொக்டர் தியாகலிங்கத்தின்ரை எல்லோ?”

“ஓம் தங்கச்சி. அவர் என்ரை மாமா. பாரிசவாதம் வந்து பேச்சு நிண்டுபோச்சு, வலக்கையும் ஏலாது. நான்தான் வந்து நிண்டு பாக்கிறன். செலவுக்கு ஒண்டொண்டா விக்கச் சொன்னவர்.”

பேச்சு நின்ற மனிதர் எப்படிச் சொன்னார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. டொக்டர் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர்; அவருடைய நாணயங்களுக்கு அவள்தான் எப்போதும் தரம் சொன்னவள். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், தான் வேலைசெய்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தனியாகக் குடியிருந்தவர். அவருக்கு வந்த நோயை நினைத்து அவள் மனம் வருந்தினாள். நல்ல விலையே போட்டுக் கொடுத்தாள். அடுத்த கிழமை அருமைராசா இன்னொன்று கொண்டுவந்தார். அதற்கும் கொடுத்தாள்.

மூன்றாவதாக வந்தது 1799ஆம் ஆண்டு டொலர். அதை மேசையில் வைத்ததும் அவள் திடுக்கிட்டாள். கழுவிய கரண்டி மாதிரி அது பளபளத்தது. இருநூறு வருடம் மெல்ல மெல்லப் படிந்த சாம்பல் நிறமும் ஓரத்து நீலமும் போய்விட்டன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முகமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது.

“இதை ஆர் மினுக்கினது?”

“மாமாதான். பற்பசையைப் போட்டு இடக்கையாலை விடியவிடியத் தேய்ச்சவர். நானும் விட்டிட்டன். புதுக்காசு மாதிரி வந்திட்டுது, பாருங்கோ. விலை கூடும்தானே?”

சர்மிளா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். ஒருமுறை கடையில் ஒரு பையன் டொக்டரின் நாணயத்தைத் துணியால் ஒற்றிவிட்டான் என்பதற்காக அந்த வருடம் முழுக்க அவர் கடைப்பக்கம் வரவில்லை. மினுக்கினால் பாதி விலைகூடத் தேறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாயும் இல்லாமல் எழுதும் கையும் இல்லாமல் இருக்கும் மனிதர், தன் நாணயத்தைத் தானே பாழாக்கி, அது என்ன சொல்கிறது என்று விளங்கக்கூடிய ஒருத்தியிடம் அனுப்பியிருக்கிறார். கொண்டுவந்தவருக்கோ அது பளபளப்பு மட்டும்தான்.

பொலிசுக்குப் போன் எடுத்து என்ன சொல்வது? ஒரு காசை மினுக்கிவிட்டார்கள் என்றா?

“மிச்சக் காசுகளையும் ஒண்டாப் பாத்தால் நல்ல விலை போடலாம் அண்ணை. நான் வீட்டை வாறன்” என்றாள்.

மறுநாள் பின்னேரம் போனாள். போகுமுன், தான் திரும்பாவிட்டால் பொலிசைக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் விலாசம் கொடுத்தாள்.

அருமைராசா கதவைத் திறந்து, அவள் உள்ளே வந்ததும் சங்கிலியைக் கொளுவினார். சுவரில் தொலைபேசி இருந்த இடத்தில் வெறும் வயர் தொங்கியது. டொக்டர் குசினிக் கதிரையில் இருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு படுக்கை விரிப்பு, கதிரையோடு இறுக்கி முடிந்திருந்தது.

“விழுந்திடுவார் எண்டு கட்டினனான்” என்றார் அருமைராசா.

சர்மிளா மேசையில் விரித்திருந்த நாணயங்களுக்கு முன்னால் இருந்தாள். ஒன்றை விளிம்பில் பிடித்துத் தூக்கினாள்.

“டொக்டர், நீங்கள் மினுக்கின காசு வந்தது. நல்லா விளங்கினது.”

டொக்டரின் இடக்கை மடியில் விரிந்து மெல்ல மூடிக்கொண்டது.

“என்ன விளங்கினது?” அருமைராசாவின் குரல் தாழ்ந்திருந்தது.

“அசல் எண்டு.”

அவர் எழுந்து போய்க் கதவில் சாய்ந்துகொண்டார். “நீங்கள் காசைவிட மாமாவைத்தான் கூடப் பாக்கிறியள், தங்கச்சி.”

“நிறுக்காமல் விலை சொல்லேலாது அண்ணை. தராசு முதலாளியிட்டை. அவர் கீழை காரிலை நிக்கிறார், எடுத்துக்கொண்டு வாறன்.”

அருமைராசா யன்னலால் எட்டிப் பார்த்தார். “எந்தக் கார்?”

அவள் பார்க்காமலே, “நீலம்” என்றாள்.

வெகுநேரம் அவர் யன்னலை விட்டு அசையவில்லை. தெருவில் அப்போது ஏதோ ஒரு நீலக் கார் நின்றிருக்க வேண்டும். சங்கிலியைக் கழற்றும்போது அவளுடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உங்கடை பேர் சர்மிளாதானே?” என்று மட்டும் கேட்டார்.

தெருமுனையில் இருந்த டெப்பனர் என்ற சிறு பலசரக்குக் கடையில் ஓடி ஏறி, அங்கிருந்து பொலிசைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்தபோது டொக்டர் கட்டியபடியே இருந்தார். அருமைராசாவும் இல்லை, நாணயங்களும் இல்லை. பின்பக்க இரும்புப் படிகளில் கிடந்த பனியில் காலடிகள் இறங்கிப் போயிருந்தன.

டொக்டரின் இரத்தத்தில் நித்திரைக் குளிசை நிறைய இருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் போயிருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டார். பராமரிப்பு இல்லத்தில் அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் சர்மிளா நாணயப் படங்களைக் காட்டித் தரம் சொல்வாள். பிழையாகச் சொன்னால் அவர் இடக்கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். அடுத்த பனி தொடங்குமுன், நித்திரையிலேயே, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு ஒரு நாள் ரொறொன்ரோவிலிருந்து தெரிந்த வியாபாரி ஒருவர் கடைத் தொலைபேசியில் அழைத்தார். போன கிழமை ஒரு தமிழ் மனிதர் பழைய வெள்ளி டொலர்கள் சில கொண்டுவந்து காட்டினாராம். எல்லாமே மினுங்கத் தேய்த்தவையாம். அதனால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“அவருக்கு உன்னைத் தெரியுமாம், சர்மிளா. மொன்றியலில் அதே கடையில்தான் இருக்கிறாயா என்று கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஆம் என்றேன். ஏன், சொல்லியிருக்கக் கூடாதா?”

சர்மிளா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். கீழே தெருக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.