வலைக்குப் பின்னால் இருந்தவர்

பத்திரிகை ஆபீசில் அவருக்கு ஊசி என்று பேர். ஆள் ஒல்லி என்பதால் இல்லை. தொப்பை முன்னே வரும், அவர் பின்னே வருவார். அவர் எடுக்கும் படம் ஊசி மாதிரி இருக்கும். பந்தின் தையல் தெரியும், உதைத்தவன் நெற்றியில் வேர்வை உருள்வது தெரியும். மழையானாலும் மங்கலானாலும் அவர் கை பட்ட படம் கலங்காது.

மைதானத்துக்கு வரும் இன்னொரு பத்திரிகைப் படக்காரருக்கு உதறல் என்று பேர். கையும் நடுங்கும், லென்சும் பழசு. பாதிப் படம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி இருக்கும். "உன் படத்தைப் பாக்கக் கண்ணாடி போடணுமா, கழட்டணுமா?" என்று ஊசி கேட்பார். உதறலும் சும்மா இருக்க மாட்டார். "உன் படத்துல பந்து நல்லா விழுந்திருக்குப்பா. பந்துக்குப் பொண்ணு பாக்குறப்ப குடுக்கலாம்" என்பார்.

ஊசியின் தம்பி கோல்கீப்பர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்த மைதானம்தான் சோறு போட்டது. தம்பி கம்பத்துக்கு முன்னால் நிற்பான், அண்ணன் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்தால்தான் கோல் போட வருகிறவனின் முகம் நேராகக் கிடைக்கும்.

காய்ச்சல் என்று படுத்த தம்பி எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி, வீடு வெறிச்சென்று ஆன பிறகு தம்பி மனைவி ஊசியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கையுறை போட்டுக்கொண்டு, முகம் தெரிகிற மாதிரி, மைதானத்தில் எடுத்த ஒரு படம். கல்யாணப் படத்தில் இருப்பது யாரோ பயந்துபோன ஆள் என்றாள். போனில் இருப்பதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற படம். கேலி பண்ணுவதற்காக அவளே எடுத்தது.

"இத்தனை வருஷமா அவர் பின்னாடியே உக்காந்திருந்தீங்களே அத்தான். உங்ககிட்ட இல்லாமயா போயிடும்?"

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கம்ப்யூட்டரில் தேடினார். எல்லாப் படத்திலும் தம்பி இருந்தான், முதுகாக இருந்தான். பின்கழுத்து, விரித்த கை, சட்டையில் எண் ஒன்று. அதுவும் மங்கலாக. கூர்மை முழுக்க எதிரே வருகிறவனுக்குப் போயிருந்தது. படத்துக்கு ஓரம் தைத்த கறுப்புத் துணி மாதிரி தம்பி ஒதுங்கி நின்றான்.

கீப்பர் எப்போது பின்னால் திரும்புவான்? கோல் விழுந்தால் திரும்புவான், வலையிலிருந்து பந்தை எடுக்க. அப்போது அண்ணனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பான். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் படக்காரன் கோல் போட்டவனைத் துரத்த வேண்டும். அவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவான், கூட்டாளிகள் மேலே விழுவார்கள். மறுநாள் பேப்பருக்கு வேண்டியது அது. இதை ஊசிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கழுத்து தானாகவே திரும்பிவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கடைசியில் உதறலுக்குப் போன் செய்தார். கேட்க நாக்கு கூசியது.

உதறல் ஒரு படத்தோடு வந்தார். மூலைக்கொடிப் பக்கமிருந்து எடுத்தது. கோல் விழுந்த மறுகணம். வலை இன்னும் ஆடுகிறது. தம்பி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். புருவம் தூக்கி, வாய் பாதி திறந்திருக்கிறது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அண்ணனைத் தேடும் அதே பார்வை. வலைக்கு இந்தப் பக்கம் அண்ணன், கேமராவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வேறு எங்கோ. மொத்தப் படமும் கலங்கியிருந்தது.

ஊசிக்கு அது தெரிந்த படம். எடுத்த அன்றைக்கே உதறல் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். ஃபோகஸ் இல்லை, தூக்கிப் போடு என்று சொன்னவர் ஊசிதான். கலங்கலைப் பார்த்தவர் யார் கலங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"தூக்கிப் போடச் சொன்னேனே."

"சொன்னே. மனசு வரல. ஒவ்வொரு கோலுக்கும் அப்படித்தான் திரும்பிப் பாப்பான், உன்னை." உதறல் எழுந்து செருப்பை மாட்டினார். "நீ கவனிச்சிருப்பேன்னு நினைச்சேன்."

அந்தப் படத்தோடு ஊசி மல்லுக்கட்டினார். கற்ற வித்தையெல்லாம் இறக்கினார். கண்ணைக் கூராக்கினால் மரப்பொம்மையின் கண் ஆனது. உதட்டைத் தெளிவாக்கினால் அது எதையும் சொல்ல வராத உதடாகிவிட்டது. அந்தக் கலங்கலுக்குள்தான் தம்பி இருந்தான். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். பிறகு ஓரத்தில் கோடு இழுத்துத் தன்னை மட்டும் வெட்டினார். வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று என்று இரண்டையும் பிரின்ட் போட்டு எடுத்துப் போனார்.

தம்பி மனைவி இரண்டையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். வெட்டியதை ஓரமாகத் தள்ளினாள்.

"இதுல அவர் யாரைப் பாக்குறாருன்னே தெரியலையே."

"அதுல நான் இருக்கேன்மா. எங்கேயோ பாத்துக்கிட்டு. நல்லாவா இருக்கு?"

"இருந்துட்டுப் போங்க அத்தான். நீங்க அங்க இருக்கிறதாலதான் அவர் முகம் அப்படி இருக்கு."

ஆணி அடித்து மாட்டியதும் அவர்தான். கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். இல்லை. தம்பி மகள் நாற்காலியில் ஏறி, அப்பாவின் முகத்தை அழுக்கு என்று நினைத்துப் பாவாடை நுனியால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"பெரியப்பா, அப்பா உங்களைத்தான பாக்குறாரு? நீங்க எங்க பாக்குறீங்க?"

"கோல் போட்டவர் அந்தப் பக்கம் ஓடினாரும்மா."

"யாரு அவரு?"

ஊசி யோசித்தார். அன்றைக்கு அவர் எடுத்த படம் பேப்பரில் பெரிதாக வந்தது. கழற்றிய சட்டையின் நூல்கூடத் தெரிந்தது என்று ஆபீசில் எல்லோரும் மெச்சினார்கள். அந்த ஆளின் முகம் மட்டும், எவ்வளவு முட்டிப் பார்த்தும், ஞாபகத்துக்கு வரவில்லை.