ஒளு செய்த தண்ணி

செங்கோடனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மலையடிவாரத்தில் அவருடைய ஒண்ணரை ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி விடுதி கட்டினார்களே, அன்றைக்கே சொன்னார், கிணறு வத்தும் என்று. வத்தியது. மூன்று போர்வெல் போட்டவன் பக்கத்தில் இருந்தால் கிணற்றில் தவளைகூடத் தங்காது.

விடுதி, முஸ்லிம் சுற்றுலாக்காரர்களுக்கென்றே கட்டியது. சரக்கு கிடையாது, ஹலால் சாப்பாடு, தொழுகைக் கூடம், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு நீச்சல் குளம். வாசலில் இயற்கையைக் காப்போம் என்று பலகை வேறு. அவரவர் சாமி அவரவர்க்கு, அதில் செங்கோடனுக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் தண்ணியில்தான்.

மேனேஜர் ரமேஷ்குமார், அஸ்தம்பட்டிக்காரன், சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னான். தொழுகைக்கு முன்னால் எல்லோரும் முகம் கை கால் கழுவுவார்கள், அதற்கு ஒளு என்று பேர், அஞ்சு வேளைத் தண்ணியையும் உங்கள் காட்டுக்கே குழாயில் விடுகிறோம் என்றான். விடவும் செய்தான். இவர் என்ன செய்தார்? எவனோ கால் கழுவின சோப்புத் தண்ணி என் கிழங்குக்கா என்று, தேங்காய் மட்டையை வைத்துக் குழாய் வாயை இறுக்கி அடைத்தார். தண்ணி எதிர்த்துப் போய்த் தொழுகைக் கூடத்து முற்றத்தில் நின்றது. பிளம்பர் வந்து மட்டையைப் பிடுங்கினான். பிடுங்கினதோடு விட்டானா? இனி அடைக்காமல் வேகமாக ஓடட்டும் என்று நீச்சல் குளத்துக் கழிவுக் குழாயையும் அதிலேயே கோத்துவிட்டான்.

அது செங்கோடனுக்குத் தெரியாது. கிழங்கு பிடுங்க இரண்டு மாசம் இருக்கையில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. வருசச் சோறு அது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், குழாய்த் தண்ணியைச் செம்பில் பிடித்துக்கொண்டு விடுதிக்குப் போனார்.

ரமேஷ்குமாருக்கு நிற்க நேரமில்லை. சுற்றுச்சூழலுக்கு நல்ல விடுதி என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிறவர்கள் திங்கட்கிழமை வருகிறார்களாம். தொழுதுவிட்டு வந்த கீழக்கரைப் பெரியவர் ஒருவர், செய்யது பாய், சத்தம் கேட்டு நின்றார். செங்கோடன் செம்பை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“உங்காளுக கால் கழுவுன சோப்புத் தண்ணிங்க பாய். எங்காடு தீயுது.”

பாய் கோபப்படவில்லை. முகர்ந்து பார்த்தார். “ஒளுவுக்கு நாங்க சோப்பே போடுறதில்லையே அண்ணே. இது நீச்சல் குளத்துல போடுற மருந்து வாடை.”

செங்கோடன் செம்பைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனார். அப்படியானால் முதலில் வந்தது நல்ல தண்ணி. அதைத்தான் மட்டை வைத்து அடைத்திருக்கிறார். குளத்துக் குழாயைப் பிரித்துவிடு என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னார். பாயும் சேர்ந்து சொன்னார்.

“சர்ட்டிபிகேட் வரட்டுங்க. இப்பத் தோண்டினா புல்தரை பாழாயிரும்.”

“ஏம்ப்பா, வாரவங்க புல்லா மேயப் போறாங்க?” என்றார் செங்கோடன்.

சாயங்காலத் தொழுகை நேரத்துக்குப் பாய் ஒரு செம்புத் தண்ணியோடு காட்டுக்கு வந்தார். ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணியை அளவாகத்தான் செலவழிக்க எங்கள் மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது என்றார். வரப்பில் குந்தி முகம், கை, கால் எல்லாம் அந்த ஒரு செம்பிலேயே முடித்தார். ஒரு செடியின் தூர் நனைந்தது. செங்கோடன் அந்தத் தூரைப் பார்த்தார். பிறகு மிச்சக் காட்டைப் பார்த்தார். நல்ல மனுசன்தான். ஆனால் விடிந்தால் ஊருக்குப் போகிற மனுசன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய, இன்னொரு மட்டையை எடுத்துக் குழாய் வாயில் வைத்துக் கல்லால் அடித்து இறுக்கினார். உள்ளே நல்ல தண்ணியும் வருகிறது என்று தெரிந்தேதான் அடித்தார்.

திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு முற்றத்தில் கால் நனையட்டும்.