முன்கயிறு

கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு உள்ளங்கையைச் சீவியது. சீவிய இடத்தில் உப்பு எரிந்தது. வலையின் சொந்தக்காரர் சம்மாட்டி பேதுருப்பிள்ளை, காலில் ஈரம் படாத தூரத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தான் பார்ப்பதால்தான் மீன் கரைக்கு வருகிறது என்பதுபோல ஒரு முகம்.

முன்கயிறு, கயிற்றில் முதல் ஆள் நிற்கும் இடம், கிறிஸ்தோப்பருடையது. அறுபதைக் கடந்தவர். சென்ற மாரியில் அவருடைய விதைப்பையில் ஒரு விதை கல்லுப்போல வீங்கியது. நோவில்லை, வெட்கத்தில் மறைத்தார். மனைவி ஞானமலர் கண்டுபிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார். அதை வெட்டி எடுத்துச் சோதித்து, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். வெட்டினது மட்டும் போதாது, நோய் உடம்பில் எங்கும் ஒளிந்திருக்கும், நாளத்தில் மருந்தேற்றி, பிறகு மற்ற விதைக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார்.

மருந்தேற்றிய மாதங்களில் தலைமயிர் கொட்டியது. வாய் அவிந்து கஞ்சியும் இறங்கவில்லை. மீனோடு பிறந்து வளர்ந்த மனிதர் மீன் மணத்துக்கு ஓங்காளித்தார். உடம்பு இடங்கொடுத்த நாட்களில் கரைக்கு வந்து குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தினார்.

அன்று காலை அவர் சம்மாட்டியிடம் சொல்ல வந்திருந்தார். திங்கள் தொடக்கம் கதிர்ச் சிகிச்சை, ஊர்ப்பேச்சில் கறண்ட் பிடிக்கிறது, கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும், முடியும்வரை தன் இடத்தை மற்றவர்கள் மாறி மாறிப் பிடிப்பார்கள், தன் பங்கை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

பேதுருப்பிள்ளை தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை.

"அரை ஆம்பிளைக்கு முழு இடமோ?"

கணக்கப்பிள்ளை சிரித்தான். அவனுக்கு அதற்குத்தான் சம்பளம்.

"கறண்ட் பிடிச்ச உடம்போட வலையைத் தொட்டால் என்ர மீனை ஆர் வாங்குவினம்? வீட்டில கிடவும்."

கோயில் திருநாளில் புனிதரின் சுரூபத்துக்குத் தோள் கொடுக்கிற பெரிய மனிதர் இவர். படமெடுத்து முடிந்ததும் தோளை எடுத்துவிடுவார்.

கிறிஸ்தோப்பர் தலை குனியவில்லை. "டொக்டர் வெட்டினது வருத்தத்தை, சம்மாட்டியார். நான் உழைச்சது கையால. அதை ஒருத்தரும் வெட்டேல்லை."

எங்களோடு கயிற்றில் நின்ற நிறோஜன் இழுப்பதை நிறுத்தினான். ஒருவர்பின் ஒருவராக நாங்களும் நிறுத்திக் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். வலை இன்னும் கடலுக்குள் கிடந்தது. அதற்கு மேலே பறவைகள் வட்டமிட்டன.

"இழுங்கோடா," என்றார் பேதுருப்பிள்ளை.

"அவற்ற இடமும் பங்கும் அவருக்குத்தான் எண்டு சொல்லுங்கோ, இழுக்கிறம்," என்றான் நிறோஜன்.

"வேற ஆக்களைக் கொண்டுவருவன்."

"கொண்டுவாங்கோ. அதுவரைக்கும் மீன் நிக்குமோ?"

சம்மாட்டி எழுந்தார். செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, கணக்கப்பிள்ளையையும் கூப்பிட்டுக் கயிற்றை இழுத்தார். கயிறு அசையவில்லை. ஒரு சின்ன அலை வந்து அவரை முழங்காலில் இருத்தியது. ஆண்மையைப் பற்றிக் கதைத்த வாய்க்குள் கடல் புகுந்தது. எழும்பிப்போய்க் கதிரையில் இருந்து, நனைந்த போனைத் துடைத்துத் துடைத்து அமத்தினார். ஓம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. கைகள் விறைத்தன. கரையில் மீன் பிரிக்கும் எமில்டாவும் மற்றப் பெண்களும் கூடைகளை வைத்துவிட்டு வந்து கயிற்றின் கடைசியில் எங்களோடு பிடித்து நின்றார்கள்.

"திங்கட்கிழமை அண்ணையோட யாழ்ப்பாணம் ஆர் போறது?" என்று நிறோஜன் கேட்டான்.

"நான் போறன்," என்றார் எமில்டா. செவ்வாய்க்கு இன்னொரு குரல் வந்தது. புதனுக்கு இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.