மூன்று நானோடெஸ்லா அதிகாரி

பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறைக்கு ஐலி மாக்கித்தலோ மீது ஒரே ஒரு குறைதான். அவள் பொறுப்பில் இருந்த குடிசையில் எஃகுத் தீயணைப்பான் இல்லை.

குடிசை ஊருக்கு வெளியே பைன் காட்டுக்குள் இருந்தது. மர முளையும் செப்பு ஆணியும் வைத்துக் கட்டியது. இரும்பு என்று ஒரு குண்டூசி கிடையாது. வெள்ளிதோறும் ஐலி அதற்குள் உட்கார்ந்து பூமியின் காந்தத்தை அளந்து எழுதுவாள். அவளுக்கு முன் நான்கு பேர் எழுதினார்கள். அறுபத்தெட்டு வருஷத்தில் ஒரு வாரம் விட்டுப்போனதில்லை. சூரியன் கக்கும் பிளாஸ்மா பூமியின் காந்தக் கூட்டை எவ்வளவு நசுக்கியது என்று சொல்ல வேண்டுமானால், நசுங்காத நாளில் அது எப்படி இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த யாராவது இப்போது ஐலி.

அலுமினியத்தில் தீயணைப்பான் உண்டு, ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைகளில் அதுதான் இருக்கிறது என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். பட்டியலில் அலுமினியம் இல்லை என்று மூன்று பதில் வந்தது. நான்காவதாக உத்தரவே வந்துவிட்டது. வெள்ளி மாலை நான்கு மணிக்குள் எஃகு உருளையை மாட்ட வேண்டும், மறுத்தால் அதே நேரத்துக்குள் குடிசையைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். மேற்கொண்டு எதுவானாலும் மே மாதக் குழுக் கூட்டத்தில். அப்போது மார்ச் முதல் வாரம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி ரைமோ ஹுத்துனென், பனிச்சறுக்கு வண்டியில் உருளையை இழுத்துக்கொண்டு வந்தார். ஐலி வாசலில் நின்றாள்.

“உருளை அந்தக் கொட்டகையிலயே இருக்கட்டும் சார். உங்க பெல்ட், சாவி, போன், பூட்ஸ், பேன்ட்டும்தான்.”

“பேன்ட் எதுக்கும்மா?”

“ஜிப் இருக்கே.”

வாராவாரம் ஊராரோடு சவுனா நீராவி அறையில் அம்மணமாக உட்காருகிறவருக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கையில் கோப்புடன் உள்ளாடையில் நிற்பது வேறு விஷயம். கால் முழுக்க மூடிய கம்பளி உள்ளாடையில் உள்ளே வந்து, கருவிக்குப் பக்கத்தில் நின்று, படிவத்தைப் பிரித்தார். திரையில் எண் அசைந்தது.

“ஒரு நானோடெஸ்லா ஏறுது. என்ன வெச்சிருக்கீங்க?”

“சத்தியமா ஒண்ணுமில்ல.”

ஐலி படிவத்தைப் பார்த்தாள். மூலையில் ஸ்டேப்ளர் பின். பூமியின் காந்தத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அங்கே குத்தியிருந்தது. அதிகாரி அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு வந்தார்.

“இந்த ஒரு பின்னுக்கே இப்படின்னா, உங்க உருளையை மாட்டினா நான் உருளையைத்தான் சார் அளக்கணும்.”

“விதி விதிதாம்மா.”

அப்போது எண் நாற்பது துள்ளியது. அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார்.

“நான் இல்ல.”

“வெளிய போங்க, பாத்துரலாம்.”

மைனஸ் பதினெட்டு டிகிரி உறைகுளிரில், கம்பளிக் காலுறையோடு, முப்பதடி தள்ளியிருந்த மரம் வரை நடந்தார். எண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“நீங்க நிரபராதி சார்,” என்று ஐலி கத்தினாள். “சூரியன்தான். முந்தாநாள் கக்கினது இப்பத்தான் வந்து முட்டியிருக்கு.”

நிரபராதி நேரே கொட்டகைக்குப் போய்ப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இரும்பு முனை பூட்ஸும் கையில் பூட்டுமாகத் திரும்பி வந்தார். அதற்குள் ஐலி உள்ளிருந்தபடி கதவைச் சாத்தியிருந்தாள்.

“வெளிய வாம்மா, பூட்டணும்.”

“உங்க ஆறாவது விதி, சார். உள்ள ஆள் இருந்தா முத்திரை வைக்கக் கூடாது.”

படிவம் புரளும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

“சரி. எப்பவாவது வெளிய வந்துதானே ஆகணும்?”

“ரை ரொட்டி இருக்கு. ஆத்திர அவசரத்துக்கு மர வாளியும் இருக்கு. ஆணி இல்லாத வாளி.”

அதற்கு விதி எதுவும் இல்லை போலும். பூட்ஸ் சத்தம் விலகிப் போவதுபோல் கேட்டு, ஓசையில்லாமல் ஓய்ந்தது. ஐலி திரையைப் பார்த்தாள். காட்டின் மறுகோடியில் இன்னொரு கருவி இருக்கிறது. சூரியன் ஆட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும், வித்தியாசம் சைபர். பக்கத்தில் இரும்பு வந்தால் இது மட்டும் ஆடும். இப்போது வித்தியாசம் மூன்று நானோடெஸ்லாவில் அப்படியே நின்றது.

“சார், நீங்க இன்னும் போகல.”

“யாரு சொன்னா?” என்று கதவருகிலிருந்தே பதில் வந்தது.

“பூட்டை வேற எடது கைக்கு மாத்திட்டீங்க போல. கொஞ்சம் எறங்கிருக்கு.”

அவர் மூன்று முறை சாலையில் நிறுத்தியிருந்த காருக்குப் போய்ச் சூடேற்றிக்கொண்டு திரும்பினார். மூன்றும் திரையில் தெரிந்தது. ஐலி மூன்றையும் எழுதினாள். சூரியன் கிளப்பிய காந்தப் புயல் நடுவே காந்தத்தின் திசைக் கோணம் பார்ப்பது ஓடும் பேருந்தின் கூரையில் நின்று ஊசியில் நூல் கோப்பதுபோல. பதினாறு முறை பார்த்தாள், எட்டு தேறியது. வாரம் விட்டுப்போகவில்லை.

நான்கு மணிக்கு உத்தரவின் கெடு முடிந்ததும் வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது.

“மே மாசம் கூட்டத்துல பாக்கலாம்மா.”

“வாங்க சார். ஜிப் இல்லாத பேன்ட் போட்டுட்டு வாங்க.”

அவள் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினாள்: “11.52, சூரியன், 40. 12.20 முதல் 16.00 வரை, பாதுகாப்பு அதிகாரி, 3. கழித்துக்கொள்ளவும்.”

வித்தியாசம் இரண்டானது, ஒன்றானது. சைபர் ஆனபிறகுதான் ஐலி கதவைத் திறந்தாள்.