இரண்டு கையும் துடுப்பில்

அமிர்தநாதனின் வலது கை இருக்கிறதே, அதைத்தான் சாராளால் நம்ப முடியவில்லை. ஆள் தங்கம். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் பக்கத்தில் எவர் தூண்டிலின் தக்கையாவது தண்ணீரில் முங்கியதோ, போச்சு! அந்தக் கை தானாகப் போய்த் தூண்டிலைப் பிடுங்கிவிடும்.

முன்பெல்லாம் இது வீட்டில் சிரிப்புக்கான விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அப்போது குடியிருந்த கணபதியிலிருந்து பஸ் ஏறிச் சிறுமுகைப் பக்கம் வருவார்கள். அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் பரிசலைத் தள்ளி, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் தூண்டிலை ஒருவர் பறித்துக்கொண்டு மீன் பிடிப்பார்கள். பதினெட்டு வருடத்தில் ஆகப் பெரிய மீன் சாராள் இழுத்ததுதான். ஏழு கிலோ கட்லா. பறிக்க வந்த புருஷனை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டு இழுத்தாள்.

தொண்ணூற்றாறில் அவன் வேலை பார்த்த பம்புப் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். ஐந்து மாதம் ஆள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சாராள்தான் சொன்னாள்.

"நமக்குத் தெரிஞ்சது ரெண்டேதானுங்க. பம்பு, மீனு. பம்பு போயிருச்சு."

சிறுமுகைக்கே குடி வந்து, அனுமதி வாங்கி, பெரிய பரிசல் ஒன்றும் வாங்கினார்கள். "தூண்டில் போடப் பரிசல் வாடகைக்குக் கிடைக்கும்" என்று ஊட்டி ரோட்டில் போர்டும் வைத்தாயிற்று.

முதலில் வந்தவர் ஒரு பேங்க் ஆபீசர். புதுத் தொப்பி, புதுத் தூண்டில். அரை மணியில் தக்கை முங்கியது. அடுத்த நொடி தூண்டில் அமிர்தநாதன் கையில் இருந்தது. "பாருங்க சார், பாருங்க சார்!" என்று அவன் குதித்த குதியில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆபீசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

இன்றைக்கு வருகிறவர் சென்னகிருஷ்ணன். மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். ஊட்டிக்குப் போகிற கூட்டம் முக்கால்வாசி அவரிடம்தான் தங்கும். "நான் ஒருக்கா வந்து பாக்கறனுங்க. புடிச்சா வாராவாரம் ஆள் அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால்? மறுபடி மோட்டுவளைதான். அதனால் கிளம்பும் முன்பே சாராள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ரெண்டு கையும் துடுப்புல இருக்கோணும்."

"இருக்கும் சாராளு."

"மீனு எகிறி உங்க மடியில உழுந்தாலும் தொடப்படாது."

"தொடமாட்டேன் அம்மணி. நீயும் கூட வா. கை கீது நவுந்தா ஒரு மெரட்டு மெரட்டு."

அப்படித்தான் அவளும் பரிசலில் ஏறினாள். பேருக்கு டீ ஃப்ளாஸ்க், உண்மையில் காவல்.

சென்னகிருஷ்ணன் கனத்த மனிதர். புண்ணாக்கு உருண்டையை முள்ளில் கோத்துக் கொடுத்தார்கள். போட்டார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அவர் கொட்டாவி விட்டார். சாராள் தக்கையைப் பார்க்கவில்லை, புருஷனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, ஒரு மீனை அனுப்பும். அனுப்பிவிட்டு இந்தக் கையையும் கட்டிப்போடும்.

தக்கை ஒருமுறை நடுங்கியது. பிறகு ஒரேயடியாக உள்ளே போயிற்று.

"அய்யய்யோ, இழுக்குதுங்க!" என்று சென்னகிருஷ்ணன் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"உக்காருங்க சார்!" என்று கத்தினான் அமிர்தநாதன். துடுப்பைப் பிடித்திருந்த விரல்களெல்லாம் வெளுத்துப் போயின. தோள் துடித்தது. வலது கை ஓர் அங்குலம் நகர்ந்தது.

"ஏனுங்க!" என்றாள் சாராள். கை திரும்பித் துடுப்புக்கே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது அவனுக்கு. ஆனாலும் தொடவில்லை. என் சாமி, தொடவே இல்லை!

சென்னகிருஷ்ணனோ நூலைச் சுற்றவும் இல்லை, விடவும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் பரிசலை நோக்கித் திரும்பியது. நூல் தொய்ந்தது. இன்னும் ஒரு நொடி போனால் முள் கழன்றுவிடும். மனுஷன் என்ன செய்கிறார்? சுற்றுங்கள், ஐயோ, சுற்றுங்கள்!

பிறகு ஐந்து நிமிடம் சாராளுக்கு எதுவுமே தெரியாது. மீன் மட்டும்தான் தெரியும். விட்டாள், சுற்றினாள், விட்டாள், சுற்றினாள். பக்கத்தில் வந்த எதையோ முழங்கையால் இடித்தாள். வலையில் கோரிப் பரிசலுக்குள் போட்டபோது எட்டுக் கிலோவுக்குக் குறையாத கட்லா. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

புருஷனின் இரண்டு கையும் துடுப்பில் இருந்தன. தூண்டில் அவள் கையில் இருந்தது. சென்னகிருஷ்ணன் விலாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

சாராள் தூண்டிலை மெல்ல அவர் மடியில் வைத்தாள். செத்துப்போகலாம் போல இருந்தது அவளுக்கு. இறங்கியதும் சென்னகிருஷ்ணன் மீனைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேமராவை அமிர்தநாதனிடம் நீட்டினார். ஒன்றுக்கு மூன்று போட்டோ.

"வர்ற ஞாயித்துக்கெழமை நாலு பேர அனுப்பறனுங்க" என்றார். "இடமும் நல்லா இருக்குது, நீங்களும் தங்கமான ஆளு. ஆனா அம்மணி மட்டும் கரையிலயே இருக்கட்டுங்க."

அமிர்தநாதன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். "இல்லீங்க, அவளுக்கு மீனுன்னா..."

"சரிங்க" என்று முந்திக்கொண்டாள் சாராள். "நான் கரையில சோறாக்கறனுங்க. வாரவங்களுக்குப் பசிக்குமில்ல?"

அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள். சாராள் கரையில் அடுப்பு மூட்டிக் குழம்பு கூட்டினாள். தூரத்துப் பரிசலில் நான்கு தக்கைகள். வந்தவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்துத் தக்கை நடுங்கியதை அவர்கள் பார்க்கவில்லை. அமிர்தநாதன் பார்த்தான். துடுப்பை விடாமல் கரைப் பக்கம் திரும்பி, அவளையும் பார்த்தான்.

"இழுங்க" என்றாள் சாராள், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கையிலிருந்த கரண்டியை விரல் வலிக்க இறுக்கிப் பிடித்திருந்தாள்.