நெருப்புப் பத்தாத வளவு

சுனாமி வந்துபோன நாளிலிருந்து கல்முனைக்குடியில் சல்மா உம்மாவின் வீட்டு வளவுக்குள் நெருப்புப் பத்துவதில்லை. கடல் ஊரில் பாதியைக் கொண்டுபோனது. சல்மா உம்மாவிடம் ஆளையும் எடுக்கவில்லை, சுவரையும் எடுக்கவில்லை, அடுப்படிக்குள் வந்து சற்று நேரம் சம்மணம் கொட்டி இருந்துவிட்டு, நெருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பியது. அடுப்புக் காய்ந்தால் சரிவரும் என்றார்கள். அடுப்புக் காய்ந்தது, விறகு காய்ந்தது, தீக்குச்சிதான் உரசி உரசித் தேய்ந்தது. பீடியோடு ஒருவர் வேலிக் கடப்பைத் தாண்டினால் பீடி அணையும். திரும்பி வெளியே ஒழுங்கைச் சந்துக்கு வந்தால் யாரும் கேட்காமலே பத்திக்கொள்ளும். நிவாரணக்காரர்கள் காஸ் அடுப்புத் தந்தார்கள், மண்ணெண்ணெய் அடுப்புத் தந்தார்கள், ஒரு வெள்ளைக்காரன் வெயிலில் சோறாக்கும் தகரக் குடைகூடத் தந்தான். அடுப்புகள் பத்தவில்லை, குடை மழைக்குத்தான் உதவியது. கொசு விரட்டும் நுளம்புத்திரியும் உள்ளே எரியாது என்பதால் காரைதீவு தொடக்கம் மருதமுனை வரைக்குமான நுளம்புகள் எல்லாம் அங்கே குடிவந்து, கலியாணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டன.

விஞ்ஞானம் படிப்பிக்கும் அதாவுல்லா சேர் சாமான்களோடு வந்து ஒரு பகல் முழுக்கச் சோதித்தார். எரிவதற்கு மூன்று வேண்டும்: எரியும் பொருள், சூடு, ஒட்சிசன். பொருளுக்குத் தென்னம்மட்டை மலையாகக் கிடந்தது. சூட்டுக்குக் குறைவில்லை, முற்றத்து மணலில் கோழி இட்ட முட்டை இட்ட இடத்திலேயே அவிந்தது. ஒட்சிசன் இல்லை என்றால் சல்மா உம்மா அவ்வளவு கதைத்திருக்க முடியாது.

"மூணும் இரிக்கி உம்மா," என்றார் சேர்.

"அப்ப என்னதான் வாப்பா இல்ல?"

"அது சிலபஸ்ல இல்ல."

ஆனால் மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கதவுக் கொண்டியில் ஏறியிருந்த துருவைத் தொட்டுக் காட்டி, இரும்பு துருப்பிடிப்பதும் ஒட்சிசனோடு சேர்வதுதான், அதுவும் ஒரு மெல்லிய எரிவு, தின்ற சோறு உடம்புக்குள் சூடாகிறதும் அந்த வகைதான், ஆகவே இந்த வளவில் மெல்ல எரிய அனுமதி உண்டு, சுவாலை விட்டு எரிவதற்குத்தான் தடை என்று விளக்கினார். சல்மா உம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப இந்தக் கொண்டி எரிஞ்சு முடியிறதுக்குள்ள ஒரு சட்டி சோறாக்கலாமோ?" என்றார். அன்றே அடுப்புக்கல்லைத் தூக்கி வேலிக்கு வெளியே ஒழுங்கையில் வைத்தார். மாரி காலத்தில் ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் மீன் ஆணம் காய்ச்சுவதாக வருசங்கள் போயின.

கஷ்டம் அடுப்பில் இல்லை, சல்மா உம்மாவின் ஒரே மகள் நபீஹாவில்தான். இந்தப் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு எடுப்பதுதான் வழக்கம். நபீஹாவுக்கு எழுதிய வீடு இந்த வீடு. பார்க்க வந்த மாப்பிள்ளைமாரின் உம்மாமார் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், கடைசியில் அடுப்படிக்குள் போய்த் தீக்குச்சியை உரசிவிட்டு, கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். "எங்கட புள்ள காலமத் தேத்தண்ணிக்கு ஒழுங்கைக்கு இறங்கவோ?" என்று ஒருத்தி கேட்டாள். "கொஞ்சம் நடந்தாத் தொப்பை குறையும் எண்டு சொல்லுங்க உம்மா," என்று நபீஹா அறைக்குள்ளிருந்து சொன்னது சந்தி வரைக்கும் கேட்டது. சொல்லிச் சிரித்தாள்தான். ஆனால் கூட்டாளிமார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்த காலத்தில் அவள் கலியாணச் சாறியை எடுத்து உதறி, திரும்ப மடித்து, பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதே காலத்தில் அக்கரைப்பற்றில் சரீப் என்ற ஒருவன் எரியும் பொருளாக இருந்தான். மீசை முளைக்க முதலே பெற்றோல் அடிக்கும் செட்டில் வேலைக்குப் போனவன். பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஊறி, வேர்வையே பெற்றோலாக வரத் தொடங்கியது. பெற்றோலில் எரிவது திரவமில்லை, அதிலிருந்து எழும்பும் ஆவிதான். சரீபின் ஆவி அவனுக்கு முன்பே கடைக்குள் போய்ச் சேரும். ஒருதரம் பக்கத்தில் யாரோ சுருட்டுப் பற்றவைக்க, அவனுடைய சேட்டு முழுக்க நீலமாய் ஒரு சுவாலை ஓடி அணைந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, மீசை மட்டும் போனது. செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் அவனை மணந்து பார்த்து, சிகரட்டை அவசரமாக நூர்த்துவிட்டு, முதல் ஆளாய் அனுப்பிவிடுவார்கள். வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் கூட்டாளிமார் அவனுடைய சேட்டைக் கழற்றிப் பிழிந்து வீடு வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் உதவியான பிள்ளை. ஆனால் அடுப்பு எரியும் வீட்டுக்கு இப்படியொரு மருமகனை எந்த மாமி எடுப்பாள்?

கலியாணப் புறோக்கர் முகம்மது தம்பிக்கு இரண்டு வீடும் பழக்கம். இரண்டு குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். புறோக்கர் என்பதால் இரண்டையும் மறைத்தார். சல்மா உம்மாவிடம், மாப்பிள்ளை எண்ணெய் வியாபாரத்தில் இருக்கிறார் என்றார். சரீபிடம், அது சூடு தெரியாத வீடு என்றார். பெண் பார்க்க நாளும் குறித்தார். அந்த நாள் பார்த்து, நாட்டில் வருசக்கணக்காக நடந்த யுத்தம் முடிந்தது.

செய்தி வந்த கையோடு பிரதான வீதி முழுக்கச் சீனவெடி. கொளுத்தியவர்கள் கொளுத்தினார்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்கள் அழுதார்கள். இருட்டுப்பட்ட நேரம், இதற்கு நடுவில் சரீப் பெண் பார்க்கும் உடுப்போடு பஸ்ஸால் இறங்கினான். சீனவெடிக்குக் காற்று தயவு பண்ணத் தேவையில்லை, அது தனக்கு வேண்டிய ஒட்சிசனை மருந்துக்குள்ளேயே கட்டுச்சோறு மாதிரிக் கொண்டுவருகிறது. அதிலொரு பொறி வந்து சரீபின் தோளில் உட்கார்ந்தது. அவன் ஓடினான். ஓட ஓடக் காற்றுப் பிடித்தது. பள்ளிவாசலடியில் முழ உயரத்துக்கு எரிந்தது ஒழுங்கை திரும்பும்போது தென்னை உயரத்துக்கு நின்றது. விடிந்துவிட்டது என்று நினைத்து வீரமுனைச் சேவல்கள் கூவின. "கடலுக்கு ஓடு மனே, கடலுக்கு!" என்று பின்னால் முகம்மது தம்பி கத்திக்கொண்டு வந்தார்.

ஒழுங்கை அடுப்பில் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நபீஹா தலை நிமிர்ந்து பார்த்தாள். "கடலுக்கு இன்னும் ரெண்டு தெரு இரிக்கி! இஞ்ச உள்ளுக்க வாங்க!" என்று கடப்பைத் திறந்து, எரிகிற ஆளைச் சேட்டோடு பிடித்து உள்ளே இழுத்தாள். ஊதிய விளக்குப் போல அவ்வளவு நெருப்பும் நின்றது. ஆவி மட்டும் எரிந்தபடியால் ஆளுக்குக் காயமில்லை. மீசை திரும்பவும் போயிருந்தது.

"ஆரு மனே நீங்க?" என்றார் சல்மா உம்மா.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள."

"எண்ணெய் வியாபாரம் எண்டீங்களே முகம்மது தம்பி!"

"வியாபாரம் கொஞ்சம் மேல்ல ஒட்டின மாதிரி, ராத்தா," என்றார் புறோக்கர், மூச்சு வாங்கியபடி.

நபீஹா அடுப்படியில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துவந்து, சரீபின் காதடியில் வைத்து ஒரு குச்சியை உரசினாள். பத்தவில்லை. இன்னொன்று உரசினாள். அதுவும் இல்லை. அவன் பயந்து கண்ணை மூடியிருந்தான், மெல்லத் திறந்தான். தீப்பெட்டியோடு ஒரு மனிசர் இவ்வளவு கிட்ட வந்து அவன் கண்டதில்லை.

"இன்னொண்டு உரசுங்க," என்றான்.

பெட்டி முடியும் வரைக்கும் உரசினாள். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

இப்போதும் அந்த வளவில் நெருப்புப் பத்தாது, சரீபின் வேர்வையும் மாறவில்லை. பெற்றோல் மணத்துக்கு நுளம்புகள் குடும்பத்தோடு காரைதீவுக்குத் திரும்பின. புதிதாக வரும் தபால்காரரிடம் மட்டும் பீடியைச் சந்தியிலேயே முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். புருசன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால், நபீஹா வேலிக்கு வெளியே அடுப்படியில் போய்க் குந்திவிடுவாள். அங்கே அவனால் வர முடியாது. கடப்புக்குள் நின்று கெஞ்சுவான். கேத்தல் கொதிக்கும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு தணலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, இரண்டு பிளேன்டீயோடு உள்ளே வருவாள்.