கொடியெழுத்தில் ஓர் அஞ்சலி

அவிநாசியில் போர்டு எழுதும் ராசப்பனின் கொடியெழுத்து இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. எழுத்தின் சுழி ஒவ்வொன்றும் கொடியாக ஓடும், கொம்புகளில் மொட்டு வைத்திருக்கும், பின்னால் சிவப்பில் நிழல் விழும். மண்டபத்து வாசலில் போர்டைப் பார்த்ததுமே, "ராசப்பன் கைவேலை" என்பார்கள். ஓரத்தில் பேர் போட வேண்டிய அவசியமே அவனுக்கு இருந்ததில்லை.

அவன் தம்பி தமிழ்ச்செல்வன், பண்ணாடி அப்புசாமியின் மகள் லோகப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் ஒரு மாதமாகிவிட்டது. அப்புசாமியின் தோட்டத்தில்தான் இவர்களுடைய அப்பனும் பாட்டனும் பண்ணையத்துக்கு இருந்தார்கள். அப்புசாமியின் ஆட்கள் அரிவாளோடு ஊர் ஊராகத் தேடினார்கள். இருவரும் மைசூரில் இருப்பது ராசப்பனுக்கு மட்டும்தான் தெரியும். ஆள் வைத்து அடித்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவன் கடைக்கு ஒருநாள் அப்புசாமியே வந்து நின்றார்.

"அவளத் தலைமுழுகிப்போட்டேன் ராசப்பா. கண்ணீர் அஞ்சலி போர்டு ஒண்ணு எழுது. ஊட்டு வாசல்ல வெக்கோணும்."

ஓடிப்போன பெண் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டதாகப் போர்டு வைப்பது நம் பக்கத்து மானஸ்தர்கள் சிலரின் வழக்கம். கேவலமான வழக்கம்தான். ஆனாலும் அதில் ஒரு நன்மை உண்டு. போர்டு வைத்துவிட்டால் பிறகு தேட மாட்டார்கள். செத்தவளை யார் வெட்டுவது?

"கருப்பு வெள்ளையில எழுதிரட்டுங்களா?"

"வேண்டாம். அவ கல்யாணத்துக்குன்னு நெனச்சு வெச்சிருந்த உன்ர கொடியெழுத்துலயே எழுது."

சொல்லும்போது அவர் குரல் கம்மியது. பெற்ற மனசல்லவா என்று ராசப்பன் உருகிப்போனான், பைத்தியக்காரன். அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், தம்பி குடியிருந்த வீட்டுக்காரி பங்காரம்மாவுக்குப் போன் போட்டுத் தம்பியைக் கூப்பிடச் சொன்னான்.

"நெசமாத்தான் சொல்றயாண்ணா?"

"போர்ட நானேதான் எழுதறேன் கண்ணு. இனிப் பயமில்ல. ரெண்டு பேரும் வந்துருங்க."

"நீயா எழுதற? அப்பச் சரிண்ணா. நாளன்னிக்கு வாரோம்."

"நாளன்னிக்கா? வாங்க கண்ணு."

தம்பி பெண்டாட்டியின் சாவை ராசப்பன் இரண்டு நாள் சந்தோஷமாக எழுதினான். அந்தக் கை அவ்வளவு அழகாக எப்போதும் ஓடியதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்புசாமி வந்தார். எல்லாம் முடிந்து, 'மறைவு' என்பதற்குக் கீழே தேதி மட்டும் பாக்கி.

"அம்மணி ஊட்ட உட்டுப் போன தேதியப் போட்டரட்டுங்களா?"

"இன்னைக்குத் தேதியப் போடு."

"இன்னைக்குங்களா?"

"பூத்துக்காரன் குமாரசாமி நம்ம பங்காளிதான். நீ பேசுனது அன்னைக்கே எங் காதுக்கு வந்துருச்சு. உன்னைய அடிச்சாச் சொல்லமாட்டே. ஆனா நீ எழுதறேன்னு சொன்னா உன்ர தம்பி நம்பி வருவான். அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன்."

ராசப்பன் பிரஷை வீசிவிட்டு ஓடினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. குமாரசாமியின் பூத்தைத் தாண்டிப்போய், கோயில் வீதியில் ஒரு கடைக்காரரின் போனைப் பிடுங்கினான். முதல் தடவை நம்பர் தப்பிப்போனது. மறுபடி போட்டான். பங்காரம்மாதான் எடுத்தாள்.

"விடிஞ்சதுமே பஸ் ஏறிட்டாங்களேப்பா. உங்க எழுத்துல தன் பேரை ஒருவாட்டி பாத்துடணும்னு அந்தப் பொண்ணுக்கு ஒரே அவசரம்."